சென்னை ரேக்கிலிருந்து மும்பைக்கு: அமேசானின் இரண்டு இடமாற்றச் சேவைகள் பற்றிய மதிப்புரை

புத்தக விநியோகத் தொழிலில் இருக்கும் எங்கள் நிறுவனத்தின் 14 சர்வர்களும் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தரவு மையத்தில், வாடகைக்கு எடுத்த இரண்டு ரேக்குகளில் (சர்வர்களை அடுக்கிவைக்கும் அலமாரிகளில்) இயங்கிவந்தன. அவற்றை இணையம் வழியே சர்வர்களை வாடகைக்குத் தரும் (மேகக் கணிமை) நிறுவனமான அமேசான் வெப் சர்வீசஸின் மும்பை மையங்களுக்கு மாற்றும் வேலையை ஆனியில் தொடங்கி ஆவணியில் முடித்தோம். இந்த வேலைக்கு அமேசான் தரும் இரண்டு சேவைகளைப் பயன்படுத்தினோம். சர்வர்களை அப்படியே நகலெடுக்கும் அப்ளிகேஷன் மைக்ரேஷன் சர்வீஸ் ஒன்று. தரவுத்தளத்தை மட்டும் கொண்டுசெல்லும் டேட்டாபேஸ் மைக்ரேஷன் சர்வீஸ் மற்றொன்று. இரண்டும் நகலெடுக்கும் வேலையை நம்பிக்கையாகச் செய்கின்றன. ஆனால் எந்தச் சர்வர் எதனோடு பேசுகிறது என்பதையும், மாற்றம் தவறிப்போனால் திரும்பிவர என்ன வழி என்பதையும் நாமே உட்கார்ந்து எழுதியாக வேண்டும். இடமாற்றம் நல்லபடி முடிவதும் முடியாததும் பெரும்பாலும் அந்த எழுத்து வேலையில்தான் இருக்கிறது என்பதே என் அனுபவம்.

இடம் மாற நினைத்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் எங்கள் சர்வர்கள் நிற்கவில்லை. ஆனால் அலுவலகம், கிடங்கு, சர்வர், அவற்றின் காப்பு நகல் எல்லாமே ஒரே நகரத்தில் இருக்கின்றன என்ற உண்மை இரண்டு முறையும் எங்களை உறங்கவிடவில்லை. மதுரை, கோவை, திருச்சிக் கிளைகளில் மழையே இல்லாத நாளிலும், சென்னையில் சாலை மூழ்கினால் அங்கே பில் போட முடியாது என்ற நிலையை இனியும் வைத்திருக்க எங்களுக்கு மனமில்லை. மும்பையும் மழைக்கு அஞ்சும் நகரம்தான். அந்த நகரை மூழ்கடித்த 2005 ஜூலை 26 மழை யாருக்கும் மறந்திருக்காது. ஆயினும் மும்பையில் அமேசானுக்கு ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நிற்கும் மூன்று தரவு மைய மண்டலங்கள் உண்டு. 2022 நவம்பரில் ஹைதராபாத்திலும் அதன் தரவு மையத் தொகுதி ஒன்று திறக்கப்பட்டது. எனவே சர்வர்களை மும்பையிலும் காப்பு நகல்களை ஹைதராபாத்திலும் வைப்பதென்று முடிவுசெய்தோம். அமேசானுக்குப் போட்டியான மைக்ரோசாப்ட் அஷூரின் தென்னிந்தியத் தொகுதி சென்னையிலேயே இருப்பதால் தூரம் குறையும் என்று எங்களில் சிலர் வாதாடினார்கள். நாங்கள் கேட்டதே சென்னைக்கு வெளியே ஓர் இடம் என்பதாலும், அந்தத் தொகுதிக்கு அப்போது தனித்தனி மண்டலங்கள் இல்லாததாலும் அதை விட்டுவிட்டோம்.

எந்தச் சேவையையும் தொடுவதற்கு முன் மூன்று வாரங்களை ஒரு பட்டியலுக்காகச் செலவிட்டோம். ஒவ்வொரு சர்வரிலும் எந்த நிரல் ஓடுகிறது, அது எந்த எண்ணுள்ள போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) எந்தச் சர்வரை அழைக்கிறது, அதற்குப் பொறுப்பானவர் யார், அது ஒரு நாள் நின்றால் யாருடைய வேலை கெடும் என்று எழுதினோம். ஊழியர்களைக் கேட்டுத் தயாரித்த பட்டியலுக்கும், சர்வர்களின் இணைப்புகளைப் பத்து நாள் பதிவுசெய்து பார்த்த பட்டியலுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. யாரும் பயன்படுத்துவதில்லை என்று எல்லோரும் சொன்ன ஒரு பழைய சர்வர், ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் கோவைக் கிளையின் இருப்புக் கணக்கை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மாறாக, முக்கியச் சர்வர்களில் ஒன்று என்று பெயர்பெற்ற இன்னொன்றை இரண்டு ஆண்டுகளாக எவரும் திறக்கவில்லை. இந்தப் பட்டியலின் பயனாக இரண்டு சர்வர்களை இடம் மாற்றாமல் மூடியே விட்டோம். மாற வேண்டியவை பன்னிரண்டாகக் குறைந்தன.

பட்டியல் தந்த பெரிய பாடம் தொலைவைப் பற்றியது. ஒரே ரேக்கில் இருக்கும் இரண்டு சர்வர்கள் ஒன்றையொன்று கேட்டுப் பதில் பெற ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே அதே கேள்வியும் பதிலும் போய்வர ஏறத்தாழ 25 மில்லி விநாடி ஆகிறது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் எங்கள் பில்லிங் திரை ஒன்றைத் திறந்தால் அது தரவுத்தளத்தை 200 முறை தனித்தனியாகக் கேட்கிறது. நிரலைச் சென்னையிலும் தரவுத்தளத்தை மும்பையிலும் வைத்தால், முன்பு கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்த திரைக்கு வெறும் பயணத்திலேயே 5 விநாடி போய்விடும். முதலில் தரவுத்தளத்தை மாற்றிவிட்டு நிரல்களை மெல்ல மெல்லக் கொண்டுபோகலாம் என்று நாங்கள் முதல் வரைவில் எழுதியிருந்தது இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் கிழிந்தது. அதிகம் பேசிக்கொள்ளும் சர்வர்களை ஒரே குழுவாக்கி, ஒரு குழு முழுவதும் ஒரே இரவில் நகர வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டோம். பன்னிரண்டும் மூன்று குழுக்களாகப் பிரிந்தன. இடமாற்றம் திட்டமிடும் எவரும் செலவுக் கணக்கைப் போடும் முன் இந்தத் தொலைவுக் கணக்கைப் போட்டுவிட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

இனி சேவைகளுக்கு வருகிறேன். அப்ளிகேஷன் மைக்ரேஷன் சர்வீஸ், அமேசான் 2019இல் வாங்கிய கிளவுட்எண்ட்யூர் என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பத்திலிருந்து உருவாகி 2021இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய சர்வரில் ஒரு சிறிய ஏஜென்ட் மென்பொருளை நிறுவினால், அது டிஸ்க்கின் ஒவ்வொரு சிறு தொகுதியையும் (பிளாக்) படித்து 1500ஆம் எண் போர்ட் வழியாக மும்பையில் உள்ள ஓர் இடைநிலைச் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. முதல் நகல் முடிந்த பிறகும் அது ஓய்வதில்லை; பழைய சர்வரில் எழுதப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் தொடர்ந்து அனுப்புகிறது. கிளைகளில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் நகல் நடந்தது, யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

மாற்ற வேண்டிய தரவு மொத்தம் 4 டெராபைட். எங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 100 மெகாபிட். அந்த இணைப்பை முழுதாகக் கொடுத்தாலே ஒரு டெராபைட்டுக்கு 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகலில் கிளைகளின் வேலை கெடக் கூடாது என்பதால், சேவையின் அமைப்புகளிலேயே இருக்கும் வேக வரம்பைப் பயன்படுத்திப் பகல் 12 மணி நேரமும் மொத்தம் 30 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தி, இரவில் திறந்துவிட்டோம். இந்தக் கணக்கில் முதல் நகல் ஒரு வாரத்தில் முடிய வேண்டும் என்று காகிதத்தில் போட்டோம். ஏறத்தாழ அப்படியே முடிந்தது. தரவு எவ்வளவு, இணைப்பு எவ்வளவு என்ற இந்தச் சிறு வகுத்தலைப் பள்ளிப் பிள்ளைகூடப் போடலாம். அதைப் போடாமல் கட்ஓவர் தேதியை, அதாவது பழையதை நிறுத்திப் புதியதில் வேலையைத் தொடங்கும் நாளை, குறித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வாரமும் தள்ளிவைத்த நிறுவனங்களை நான் அறிவேன்.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிக்கும் அம்சம், அது தரும் ஒத்திகை. நகல் நடந்துகொண்டிருக்கும்போதே எந்த நாளிலும் அந்த நகலிலிருந்து ஒரு சோதனைச் சர்வரை மும்பையில் எழுப்பிப் பார்க்கலாம். பழைய சர்வருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, பார்த்து முடித்ததும் கலைத்துவிடலாம். ஆடியில் புதிய வேலை தொடங்க வேண்டாம் என்று எங்கள் நிறுவனத்துப் பெரியவர் சொன்னதை ஏற்று, அந்த மாதம் முழுவதையும் ஒத்திகைக்கு ஒதுக்கினோம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, அதற்கு முன் வடகிழக்குப் பருவமழை, ஜூனில் பள்ளி திறப்பு ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால் எங்கள் தொழிலில் கை ஓயும் காலமும் ஆடிதான். நான்கு முறை எழுப்பிப் பார்த்தோம். முதல் ஒத்திகையில், எங்கள் கணக்கு மென்பொருளின் உரிமம் பழைய சர்வரின் நெட்வொர்க் அட்டை எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்ததால் அது திறக்கவே மறுத்தது. இரண்டாவது ஒத்திகையில், மூன்று நிரல்களுக்குள் பழைய ஐபி முகவரி நேரடியாக எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. நிரலை எழுதியவர்கள் விலகிப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. இவை கட்ஓவர் இரவில் தெரிந்திருந்தால் திங்கட்கிழமை காலை நான்கு ஊர்களில் கடை திறந்திருக்காது.

இது டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் சேவை என்பதை மறந்துவிடக் கூடாது. பழைய வீட்டில் இருந்த குப்பையும் புதிய வீட்டுக்கு வண்டியேறி வரும். பத்தாண்டுப் பதிவுக் கோப்புகள், பாதி நிறுவிக் கைவிட்ட மென்பொருள்கள், தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிய டிஸ்க்குகள் எல்லாமே வரும். பழைய ரேக்கில் காலியாகக் கிடக்கும் டிஸ்க்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. மேகக் கணிமையில் காலி இடத்துக்கும் மாதா மாதம் வாடகை உண்டு. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2008இல் தன் தரவுத்தளம் பழுதடைந்ததை அடுத்து அமேசானுக்கு மாறத் தொடங்கியபோது, இருந்ததை அப்படியே தூக்கிச் செல்லாமல் ஒவ்வொரு நிரலையும் புதிய இடத்துக்கேற்பத் திருப்பி எழுதியது. அந்த வேலை 2016 ஜனவரியில்தான் முடிந்தது. அவ்வளவு காலமும் ஆட்களும் எங்களைப் போன்ற நிறுவனத்துக்குக் கிடையாது. எனவே அப்படியே தூக்கிச் செல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். வண்டி ஏற்றும் முன் வீட்டைப் பெருக்கிவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

இந்தச் சேவையைப் பற்றிச் சொல்லப்படும் இலவசம் என்ற சொல்லையும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சர்வருக்கும் 2,160 மணி நேரம், அதாவது 90 நாள், இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. அந்தக் காலத்தில் இடைநிலைச் சர்வர், அதன் டிஸ்க்குகள், ஸ்நாப்ஷாட்டுகள் (டிஸ்க்கின் ஒரு கணத்து நிலையைப் பதிந்த நகல்கள்), ஒத்திகைக்கு எழுப்பும் சர்வர்கள் ஆகிய அனைத்துக்கும் கட்டணம் உண்டு. கடிகாரம் ஏஜென்ட்டை நிறுவிய நாளிலிருந்தே ஓடுவதால், பட்டியல் முடியும் முன் எல்லாச் சர்வர்களிலும் ஏஜென்ட்டை நிறுவிவிடும் ஆர்வத்தை அடக்கிக்கொள்வது நல்லது.

கட்ஓவர் முடிந்து எழும் புதிய சர்வரின் டிஸ்க் ஸ்நாப்ஷாட்டிலிருந்து உருவாவதால், ஒவ்வொரு தொகுதியும் முதல் முறை படிக்கப்படும்போதுதான் பின்னாலிருந்து இறங்கி வருகிறது. அந்த முதல் வாசிப்பு மெதுவாகவே இருக்கும் என்று அமேசானின் ஆவணங்களே தெளிவாகச் சொல்கின்றன. சனிக்கிழமை இரவு கட்ஓவர் செய்து, ஞாயிறு முழுவதும் முக்கியக் கோப்புகளை ஒரு முறை படிக்கவைத்து டிஸ்க்கைச் சூடேற்றி வைத்தோம். இதற்காகவே ஒரு முழு நாளைத் திட்டத்தில் ஒதுக்கியிருந்தது பெரிதும் உதவியது.

தரவுத்தளத்துக்கு டேட்டாபேஸ் மைக்ரேஷன் சர்வீஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், சொந்தமாகப் பராமரித்துவந்த மைசீக்வெல் தரவுத்தளத்தை அமேசானே பராமரிக்கும் ஆர்டிஎஸ் தரவுத்தளச் சேவைக்கு மாற்ற விரும்பியது. 2016இல் வெளிவந்த இந்தச் சேவை, இருக்கும் தரவை முழுமையாக ஏற்றிவிட்டு, அதன் பிறகு பைனரி லாக்கை (தரவுத்தளம் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை) படித்து மாற்றங்களைத் தொடர்ந்து கொண்டுசேர்க்கிறது. அந்த லாக் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையின் மாற்றத்தையும் எழுதும்படி அமைந்திருக்க வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் அழிக்கப்படாமலும் இருக்க வேண்டும். அட்டவணைகளையும் முதன்மைச் சாவிகளையும் (ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் எண்களை) மட்டுமே அது தானாக உருவாக்கும். தேடலை விரைவாக்கும் துணை இண்டெக்ஸ்கள், அட்டவணைகளுக்கு இடையிலான உறவுகள், தானாக ஏறும் எண்கள் போன்றவற்றை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் மாற்றியவர்களுக்குத் தரவெல்லாம் வந்துசேர்ந்திருக்கும், தேடல் மட்டும் நத்தையாய் ஊரும்.

தமிழ் எழுத்துகளைச் சேமித்து வைத்திருப்பவர்கள் ஒரு குறிப்பிட்ட அமைப்பைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நீண்ட உரைகளை இந்தச் சேவை தனி வகையாகக் கையாள்கிறது. அவற்றின் நீளத்துக்கு எல்லை வைக்கும் வரம்பிட்ட முறையில் அந்த உரைக்கான இயல்பான எல்லை 32 கிலோபைட். எல்லையைத் தாண்டும் உரையை அது வெட்டிவிடும். வேலை வெற்றிகரமாக முடிந்ததாகவே காட்டும். ஆங்கிலத்தில் 32 கிலோபைட் என்பது 32,000க்கும் மேற்பட்ட எழுத்துகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கிறது. உயிர்மெய்யில் அகரமேறிய மெய்யைத் தனியாகவும் துணைக்குறியைத் தனியாகவும் எண்ணுவதால் ‘கொ’ என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட் ஆகிறது. ஆகவே தமிழ் உரை சுமார் 10,900 குறிகளிலேயே எல்லையைத் தொட்டுவிடும். எங்கள் புத்தக அறிமுகங்களில் பல, முன்னுரையோடும் பொருளடக்கத்தோடும் சேர்ந்து அதைவிட நீளமானவை. இந்த எல்லையை மாற்றாமல் ஒத்திகையைத் தொடங்கியது எங்கள் கவனக்குறைவு. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு உரையின் நீளத்தையும் கணக்கிட்டு ஒப்பிட்டபோதுதான் சில நூல்களின் அறிமுகம் பாதி வாக்கியத்தில் நின்றிருப்பது தெரிந்தது. மிக நீளமான உரையின் அளவை முதலில் கண்டறிந்து, அதற்கு மேல் எல்லையை உயர்த்தி மீண்டும் ஏற்றினோம். வரிசைகளின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்திருந்தால், பல எழுத்தாளர்களின் சொற்களைத் தொலைத்திருப்போம்.

திரும்பும் வழி பற்றி இப்போது சொல்ல வேண்டும். சர்வர்களை நகலெடுக்கும் சேவை ஒருவழிப் பாதை. கட்ஓவரை முடித்துவிட்டதாக உறுதிசெய்தவுடன் பழைய சர்வரோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும். மும்பையில் எழுதப்பட்டவை சென்னைக்குத் திரும்பி வராது. திங்கட்கிழமை காலை முதல் பில் மும்பையில் பதிவான கணத்திலிருந்து, பழைய சர்வருக்குத் திரும்புவது என்றால் அந்த பில்லை இழப்பது என்று பொருள். பல திட்டங்களில் ‘தோல்வியுற்றால் பழையதற்குத் திரும்புக’ என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். எந்த மணி வரை திரும்பலாம், அதுவரை எழுதப்பட்டதை யார் எப்படிக் கொண்டுவருவார் என்பது இருக்காது. நாங்கள் தரவுத்தளச் சேவையையே இதற்குப் பயன்படுத்தினோம். இரண்டு முனைகளில் ஒன்று அமேசானில் இருந்தால் போதும் என்பது அதன் விதி. எந்தத் திசை என்பது நம் விருப்பம். கட்ஓவர் முடிந்தவுடன் மும்பையிலிருந்து சென்னைக்கு எதிர்த்திசையில் நகலைத் திருப்பிவிட்டோம். பழைய தரவுத்தளம் ஐந்து வாரங்கள் புதியதைப் பின்தொடர்ந்துகொண்டே இருந்தது. அதைப் பயன்படுத்தும் தேவை வரவில்லை. ஆனாலும் அது இருந்ததால்தான் அந்த ஐந்து வாரமும் சிறு சிறு குறைகளைப் பதறாமல் நிதானமாகச் சரிசெய்ய முடிந்தது. இரண்டு இடத்துக்கும் வாடகை கட்டிய அந்தக் காலத்தை வீண்செலவு என்று நான் எண்ணவில்லை. தரவு மைய ஒப்பந்தத்தின் முன்னறிவிப்புக் காலத்தைப் படித்து, கட்ஓவர் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி அறிவிப்புக் கொடுத்தால் இந்தச் செலவை அளவோடு வைத்துக்கொள்ளலாம்.

சிறிய வேலைகளில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பதிவுகளின் ஆயுளை (பிற கணினிகள் அவற்றை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) ஒரு வாரம் முன்பே ஒரு நாளிலிருந்து 5 நிமிடமாகக் குறைத்துவிட வேண்டும். பழைய சர்வர்களை அணைக்கும் முன் அவற்றின் லாக் பதிவுகளை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு 180 நாள் பதிவுகளைப் பாதுகாக்கச் சொல்கிறது, இடம் மாறியது அதற்குச் சமாதானம் ஆகாது.

செலவைப் பொறுத்தவரை, விலைப்பட்டியலில் டாலரில் இருப்பதை ரூபாயாக்கி, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துப் பார்த்த பிறகே நிர்வாகத்திடம் எண்ணைச் சொல்ல வேண்டும். பொது ஐபி (ஐபிவி4) முகவரி ஒவ்வொன்றுக்கும் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கப்படுகிறது. பழக்கத்தில் எல்லாச் சர்வருக்கும் ஒன்று கொடுத்துவிட்டால் ஒவ்வொன்றும் மாதம் 3.65 டாலரைச் சேர்க்கும். உள்ளே வரும் தரவுக்குக் கட்டணம் இல்லை. வெளியே போகும் தரவுக்கு, மாதத்தின் முதல் 100 ஜிகாபைட் கழிந்த பின், மும்பையில் ஜிகாபைட்டுக்கு 0.1093 டாலர். எங்கள் 4 டெராபைட்டையும் ஒரு நாள் வெளியே எடுப்பதானால் ஏறத்தாழ 426 டாலர் ஆகும். முழுவதுமாக வெளியேறும் வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அமேசான் 2024 மார்ச்சில் அறிவித்தது. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, 60 நாட்களுக்குள் எடுத்து முடிக்க வேண்டும். இதே தேவைக்கு வருபவர்களுக்கு இந்த இரண்டு சேவைகளையும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். நாங்கள் அங்கேயே இருக்கப்போகிறோம். இருந்தாலும் 300 ஜிகாபைட் அளவுள்ள தரவுத்தளத்தை மாதம் ஒரு முறை, அதிகம் போனால் 33 டாலர் செலவில், சென்னை அலுவலகத்திலுள்ள சேமிப்புக் கருவிக்கு இறக்கி, அங்கேயே ஒரு சிறிய சர்வரில் ஏற்றி, நான்கு ஊர்களின் அந்த மாதத்துக் கடைசி பில் எண் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுகிறோம்.